கொசுறுக் கட்டை

1961 ஜனவரி 21, சனி

எல்லாம் நான் முன்பே சொன்னதுதான். பொங்கலுக்கு முந்தின வாரம், சாமியா பிள்ளை காப்பிக் கடையில் நாலு பெரிய மனிதர்கள் இருக்கும்போது, "ஏழுகண் பங்களாவில் தை பிறந்ததும் ஒரு சாவு விழும், அது நோய்ச் சாவாக இருக்காது" என்று தீர்த்துச் சொன்னேன். இன்று அதை நினைவுபடுத்தினால் சாமியா பிள்ளை, "நயினாரே, பெரியவருக்கு இருமல் கூடிட்டு, தை தாண்டாதுன்னுல்லா நீரு சொன்னீரு" என்கிறார். காப்பி ஆற்றுகிற சத்தத்தில் அவர் பாதிதான் கேட்டிருப்பார்.

இந்த டைரி கொல்லத்துத் தடி வியாபாரி இனாமாகக் கொடுத்தது. எழுத விஷயம் இல்லாமல் கிடந்தது. இப்போது வந்துவிட்டது. பின்னால் படிக்கிறவர்கள் தெரிந்துகொள்ள எழுதுகிறேன்: என் பெயர் ஆறுமுகநயினார். செங்கோட்டையில் மரக்கடையும் அறுவை மில்லும் என்னுடையவை. ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். நிறுத்தாமல் விட்டிருந்தால் நான் இருக்கிற இடமே வேறு.

விஷயம் இதுதான். பங்களாக்காரர் தாணுமூர்த்தி பிள்ளையை வியாழன் இரவு தூக்கத்திலேயே மண்டையில் அடித்துக் கொன்றிருக்கிறார்கள். இரும்புப் பெட்டி திறந்து கிடந்ததாம். அடித்த கட்டை தோட்டத்து வாய்க்காலில் கிடைத்தது. முழங்கை நீளம், நாலு பக்கமும் வாள் பட்ட வேங்கைத் துண்டு. போலீஸ்காரர்கள் அதைச் சாக்கின் மேல் வைத்திருந்தார்கள். சிவப்பாக நீர் வடிந்துகொண்டிருந்தது. பெண்கள் ரத்தம் என்று அலறினார்கள். நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், "பயப்படாதிய. வேங்கை நனைஞ்சா இப்படித்தான் வடியும். இது நம்ம மரக்கடைக் கட்டை" என்றேன். இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து பார்த்தார். ஊரே பார்த்தது.

ஜனவரி 23, திங்கள்

இன்ஸ்பெக்டர் என்னைத் தேடி வந்தார். நான் போகவில்லை, அவர்தான் வந்தார். நல்ல நாற்காலி போட்டு, முதல் டிகாக்ஷனில் காப்பி வரவழைத்தேன். மில் வாசலில் பாதி ஊர் நின்றது.

"வெட்டுத்துண்டெல்லாம் நீர் என்ன செய்வீர் நயினார்?" என்று கேட்டார்.

அத்தனை பேர் முன்னால் எடை போட்டு விற்கிறேன் என்று சொன்னால் கடைக்கு என்ன மரியாதை? என் தங்கை மகன் கோமதிநாயகம் தராசுப் பக்கம் நின்றுகொண்டிருந்தான். இண்டர் பெயில். கணக்கும் தராசும் அவன் பொறுப்பு. அவன் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"எங்கய்யா காலத்துப் பழக்கம் சார். வீட்டு நிலைக்கு மரம் எடுக்கிறவங்களுக்கு, மஞ்ச குங்குமம் வச்சு ஒரு கட்டை கொசுறாக் குடுப்போம். நிலை நின்னாக் குடி நிக்கும்னு ஒரு ஐதீகம்."

கூட்டத்தில் யாரோ 'உச்' கொட்டினார்கள். எனக்கே புல்லரித்தது.

"சமீபத்துல வேங்கை நிலை யாருக்குப் போச்சு?"

"கார்த்திகைல மாசானம் எடுத்தான் சார். பங்களாவில பம்பு டிரைவரா இருந்தானே, அவன். புதுசா வீடு கட்டுதான்."

இன்ஸ்பெக்டர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். மாசானத்தைப் பொங்கலுக்கு முன்னால்தான் பெரியவர் வேலையை விட்டு நிறுத்தினார். அவன் பங்களா கேட்டில் நின்று, "உம்ம தலையில இடி விழும்" என்று கத்தியதை ஊரே கேட்டது.

"அவனுக்கும் கொசுறு கொடுத்தீரா?"

பழக்கம் என்று சொன்ன பிறகு ஒருத்தனுக்கு மட்டும் கொடுக்கவில்லை என்றால் அது என்ன பழக்கம்? "என் கையால குடுத்தேன் சார்" என்றேன்.

எழுதிக்கொண்டார். எழுத்து மணி மணியாக இருந்தது.

ஜனவரி 24, செவ்வாய்

மாசானத்தைப் பிடித்துவிட்டார்கள். அவன் கட்டுகிற வீட்டுக்கு என்னையும் ஜீப்பில் கூட்டிப்போனார்கள். முன் சீட். சுவர் இடுப்பளவுதான் எழும்பியிருக்கிறது. நிலை மட்டும் தன்னந்தனியாக நிற்கிறது. அதன் ரேகையைப் பார்த்து, கொலைக் கட்டையும் அந்த நிலையும் ஒரே தடியில் அறுத்தவை என்று சொன்னேன். அது சத்தியம்.

நிலை சாயாமல் இருக்க அடியில் உடைந்த செங்கல்லைச் செருகியிருந்தான். ஒரு மரத்துண்டைச் செதுக்கி ஆப்பு வைக்கக் கூடாதோ? சோம்பேறி.

ஜனவரி 30, திங்கள்

இலஞ்சியிலிருந்து ஒருவர் நிலைக்கு மரம் எடுக்க வந்தார். வண்டியில் ஏற்றிய பிறகும் போகாமல் நிற்கிறார்.

"என்ன வேணும்?"

"கொசுறு நயினாரே. மஞ்ச குங்குமம் வச்சுக் குடுப்பியளாமே. பேப்பர்ல போட்டிருக்கான்."

கோமதிநாயகம் ஒரு துண்டை எடுத்து வழக்கம்போலத் தராசுத் தட்டில் வைத்துவிட்டான். "கொசுறுக்கு எதுக்குல தராசு?" என்று சத்தம் போட்டேன். அவர் போன பிறகு என் பக்கத்தில் வந்து நின்றான்.

"எப்பமிருந்து மாமா இந்தப் பழக்கம்?"

"தாத்தா காலத்திலேருந்து."

"தாத்தா காலத்துல தராசைப் பிடிச்சது எங்கப்பால்லா? அவுக ஒரு செதிலைக்கூட சும்மா விட்டதில்லன்னு சொல்லியிருக்காவ."

"உங்கப்பன் கைக்கு ஈரம் கிடையாதுல. நானும் தாத்தாவும் தனிச் சாதி."

மதியம் ரெண்டு வண்டி வெட்டுத்துண்டு எடைக்குப் போனது. மழை இல்லை. மில் பெல்ட் அறுந்து அரை நாள் வேலை கெட்டது.

பிப்ரவரி 12, ஞாயிறு

பேப்பரை வீட்டில் வாசித்துக் காட்டினேன். 'பரம்பரைக் கொடையாளரான மர வியாபாரி' என்று போட்டிருந்தது. உண்மையில் 'மர வியாபாரி' என்றுதான் இருந்தது. வாசிக்கிறவன் சந்தர்ப்பத்துக்குத் தக்கபடி வாசிக்க வேண்டும். என் வீட்டுக்காரி பகவதி, அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள், சுளகைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். புரைக்கேறிக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"அரிவாமணைக்கு ஒரு பலகை கேட்டேன். விரிஞ்ச பலகையைக் கொண்டாந்து போட்டுட்டு அதையும் வீட்டுச் செலவுல எழுதுன ஆளு நீங்க. ஊரானுக்குக் கொசுறா?"

பெண்களுக்கு வியாபாரம் புரியாது.

மார்ச் 19, ஞாயிறு

தென்காசி பஸ்ஸில் கொலைச்சிந்துப் பாட்டுப் புத்தகம் விற்றுக்கொண்டு ஒருவன் ஏறினான். ஏழுகண் பங்களாக் கொலைதான். டேப் மேளம் தட்டிப் பாடுகிறான்:

'கொசுறாய்க் கொடுத்த கட்டை - ஐயோ
கொன்று முடித்த கதை கேளும்
நிசமாய் மரக்கடை நயினார் - சொன்ன
நீதி மொழியினைக் கேளும்.'

பாடினவனை நிறுத்தி, "அந்த நயினார் யாரு தெரியுமா?" என்று கேட்டேன். தெரியாது என்றான். சொன்னேன். பஸ்ஸில் எழுந்து இடம் கொடுத்தார்கள். நான் ஏற்கனவே உட்கார்ந்திருந்தேன், இருந்தாலும் கொடுத்தார்கள். நாலு பிரதி வாங்கினேன்.

ஏப்ரல் 8, சனி

பெரியவரின் தம்பி மகன் சந்திரகாசன் வந்தார். சொத்து முழுக்க இப்போது அவர் பெயருக்குத்தான் வருகிறது. கொலை நடந்த அன்று பங்களாவிலேயே தூங்கியும் ஒரு சத்தமும் கேட்கவில்லையாம். பாவம், நல்ல தூக்கம். தங்கக் கடிகாரம் கட்டியிருக்கிறார்.

"மாமா, தோட்டத்துல தேக்கும் வேங்கையும் முத்தி நிக்கி. நீங்களே வெட்டிக்கிடுங்க. விலையை உங்க மனசுக்குத் தோணினபடி போடுங்க" என்றார். என் மனசைப் பற்றி ஊரில் நல்ல பேச்சு இருக்கிறது என்பது இதிலிருந்து தெரிகிறது.

போகும்போது, "கோர்ட்டுல இதே மாதிரி தெளிவாச் சொல்லிருங்க" என்றார்.

ஏப்ரல் 11, செவ்வாய்

தோட்டத்துப் பெரிய வேங்கைக்குப் பூசை போட்டோம். எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. வெட்டுவதற்கு முந்தின நாள் சாயங்காலம் மரத்தில் கோடாலியைக் கொத்தி விட்டுவிட்டு, "உன்மேல குடியிருக்கிறவங்க வேற மரம் பாத்துப் போகட்டும்" என்று சொல்லிவிட்டு வந்துவிட வேண்டும். காலையில் கோடாலி அப்படியே நின்றால் உத்தரவு. கீழே கிடந்தால் அந்த மரத்தைத் தொடக் கூடாது.

ஏப்ரல் 12

கீழே கிடந்தது. வெட்டுகாரர்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். காற்று என்று சொன்னேன். ஆனைக்குட்டியை இழுத்துப் போகிற அளவு காற்று நேற்று அடித்தது என்றேன். ஒரு இலைகூட உதிரலையே மொதலாளி என்றான் ஒருத்தன். நானே கோடாலியை எடுத்துக் கொத்தினேன். முதல் வெட்டிலேயே சிவப்பாக வடிந்தது. வேங்கை அப்படித்தான்.

ஜூன் 12, திங்கள்

செஷன்ஸ் கோர்ட்டில் என் சாட்சி. சில்க் ஜிப்பா, அங்கவஸ்திரம். கூட்டம் தேர்த் திருவிழா மாதிரி. மதராஸ் பேப்பர்காரர்கள் வந்திருந்தார்கள். படிப்பு என்ன என்று கேட்டதற்கு எட்டாம் வகுப்பு என்றேன்.

சர்க்கார் வக்கீல் கேட்கக் கேட்க எனக்கு எல்லாம் கண் முன்னால் வந்தது. மாசானத்தைக் கிழக்கே பார்க்க நிற்கவைத்தது, கட்டைக்கு மூன்று இடத்தில் குங்குமம் வைத்தது, அவன் குனிந்து ரெண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டது, அவன் கண் கலங்கியது. சொல்லும்போதே என் கண்ணும் கலங்கிவிட்டது. ஜட்ஜ் பேனாவை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்.

எதிர்த் தரப்பு வக்கீல் சின்னப் பையன். கோட்டுக்கு முழங்கை பளபளத்துப் போயிருந்தது.

"மாசானத்துக்கு முன்னால் நீர் கொசுறு கொடுத்த ஒரே ஒருவர் பெயரைச் சொல்லும்."

"தர்மம் பண்ணுதவன் பேர் எழுதி வச்சிக்கிட்டா பண்ணுவான் வக்கீல் சார்?"

கோர்ட்டு முழுக்க 'ஆகா' என்றது. வக்கீல் உட்கார வேண்டியதுதான் என்று நினைத்தேன். அப்போது கூண்டிலிருந்து மாசானம் கம்பியைப் பிடித்துக்கொண்டு எக்கிப் பேசினான். ஆள் பாதியாக இளைத்திருந்தான்.

"அண்ணாச்சி, கொசுறா? மரத்தூளையே சாக்குல கட்டி எடை பாத்து விக்கவருல்லா நீங்க! நல்லா யோசிச்சுச் சொல்லுங்க அண்ணாச்சி."

சிரிப்பு. போலீஸ்காரன் சிரிக்கிறான், டவாலிச் சேவகன் சிரிக்கிறான். மதராஸ் பேப்பர்காரன் சிரித்துக்கொண்டே எழுதுகிறான். ஜட்ஜ் மேஜையைத் தட்டினார். அடங்கவில்லை. என் காதெல்லாம் சுட்டது.

"அவசரம் இல்லை. யோசித்தே சொல்லும். கொடுத்தீரா?" என்று ஜட்ஜ் கேட்டார். நல்ல மனிதர். குரலில் கோபமே இல்லை.

அவன் மனைவி பேச்சித்தாய் தூணோரம் நின்றுகொண்டிருந்தாள். அவள் மட்டும்தான் சிரிக்கவில்லை.

அந்தச் சிரிப்பு இல்லாமல் இருந்திருந்தால் என்ன பதில் வந்திருக்குமோ. கடைசி பெஞ்சில் இன்னும் ஒருத்தன் கனைத்துக் கனைத்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"குடுத்தேன் ஐயா. என் கையால குடுத்தேன்" என்றேன்.

ஜூன் 13

வயிறு சரியில்லை. ஓட்டல் சாம்பார்.

ஜூன் 26, திங்கள்

தீர்ப்பு. தூக்கு.

நான் சொன்னபடிதான் நடந்தது. ஜட்ஜ் என்னைப் பற்றித் தனியாகவே எழுதியிருக்கிறார். கோமதிநாயகம் இங்கிலீஷ் பேப்பரைத் தமிழில் சொன்னான்: 'இந்தச் சாட்சி மரியாதைக்குரிய வியாபாரி. குற்றம் சாட்டப்பட்டவரிடம் இவருக்குப் பகை இல்லை. பொய் சொல்ல இவருக்கு எந்த முகாந்திரமும் இல்லை.' திரும்பச் சொல்லச் சொன்னேன். சொன்னான். இன்னொரு தரம் என்றேன். பேப்பரை மடித்து என் மேஜையில் வைத்துவிட்டுத் தராசுப் பக்கம் போய்விட்டான்.

கத்தரித்துக் கண்ணாடிச் சட்டம் போடக் கொடுத்திருக்கிறேன். தேக்குச் சட்டம்.

ஜூலை 2, ஞாயிறு

கோமதிநாயகம் மில் லீவு நாளில் வந்தான். பட்டறையில் நானும் அவனும்தான். அவன் முகம் நன்றாக இல்லை.

"மாமா, மாசானம் நிலை எடுத்த அன்னைக்கு நான் கடைல இல்ல. புனலூருக்குத் தடி பாக்க அனுப்பினிய."

"ஆமா."

"ஆனா மறுநாள் வந்து அந்தத் தடியோட வெட்டுத்துண்டை எல்லாம் நான்தான் எடை போட்டேன். பங்களா அடுப்புக்கு வண்டியில அனுப்பினேன். வாராவாரம் அங்கதான் போவுது. அந்தக் கட்டை பங்களாவுக்குள்ளயே கிடந்திருக்கும் மாமா. ராத்திரி உள்ள படுத்திருந்தவன் யாரும் கை நீட்டினா எட்டும்."

"வேங்கையை எவன்ல அடுப்புல வைப்பான்?"

"துண்டு எடைக்கு வந்தா எதையும் வைப்பாவ."

நான் வாளுக்கு எண்ணெய் போட்டேன். வாள் சுற்றாதபோது எண்ணெய் போடுவது நல்லது.

"மாமா, மாசானத்துக்கு நீங்க குடுத்தியளா? எனக்கு மட்டும் சொல்லுங்க. நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன்."

"கோர்ட்டுல சொன்னதுதான் உனக்கும்."

"நான் அந்த வக்கீல்ட்ட போனேன் மாமா. வண்டி விஷயத்தைச் சொன்னேன். அது மட்டும் பத்தாதுங்காரு. குடுத்தேன்னு சொன்ன வாயே குடுக்கலைன்னு சொன்னாத்தான் ஐகோர்ட்டு கேக்குமாம். அன்னைக்குக் கடைல இருந்தது நீங்களும் மாசானமும்தான. ஒருத்தன் சொல்லியாச்சு. அவன் சொல்லை யாரும் நம்பல."

பையனுக்கு இந்த வருஷ வெயில் ஒத்துக்கொள்ளவில்லை. மோர் வரவழைத்துக் கொடுத்தேன். குடிக்காமல் போய்விட்டான்.

ஜூலை 3

குறுக்குவாட்டில் யோசித்தால், இப்போது போய்ச் சொன்னால் மட்டும் யார் நம்புவார்கள்? ஜட்ஜே எழுதிவிட்டார். ஜட்ஜை விட எனக்குத் தெரியுமா?

செப்டம்பர் 14, வியாழன்

ஐகோர்ட்டு தீர்ப்பை உறுதி செய்துவிட்டது. மில்லில் நல்ல வேலை. கொசுறுக்கு என்று தனியாக ஒரு குவியல் போட்டிருக்கிறேன். இப்போது நிலை எடுக்காதவர்களும் கேட்கிறார்கள். கோழிக்கூட்டுக்குப் பட்டியல் சட்டம் வாங்கினவன்கூட, "குங்குமம் இல்லாட்டிப் பரவாயில்ல அண்ணாச்சி, கட்டையைக் குடுங்க" என்கிறான். கொடுக்கிறேன். எல்லோருக்கும் கொடுக்கிறேன்.

அக்டோபர் 4, புதன்

கோமதிநாயகம் வேலையை விட்டு நின்றுவிட்டான். தூத்துக்குடியில் ஹார்பர் கம்பெனியில் கணக்கு எழுதப் போகிறானாம். போகும்போது காலில் விழவில்லை. "வாரேன் மாமா" என்று மட்டும் சொன்னான். தங்கை வீட்டில் என் மேல் வருத்தம். பகவதியும் பேசுவது குறைவு. இப்போது தராசை நானே பிடிக்கிறேன். பழைய பழக்கம், கை மறக்கவில்லை.

அக்டோபர் 22

சட்டம் போட்ட தீர்ப்பைக் கடையில் மாட்டியிருந்தேன். ஆணி சரியில்லை என்று இறக்கி வைத்திருக்கிறேன்.

நவம்பர் 7

தீபாவளி. சந்திரகாசன் வேட்டி சட்டை கொடுத்தனுப்பினார். உடுத்தவில்லை. அளவு சரியில்லை. வேட்டிக்கு என்ன அளவு என்று பகவதி கேட்டாள்.

நவம்பர் 28, செவ்வாய்

கருணை மனு தள்ளுபடி. பேப்பரில் ரெண்டு வரிதான். முதலில் பக்கம் பக்கமாகப் போட்டார்கள். காப்பிக் கடையில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. நான் பேச்செடுத்தேன். சாமியா பிள்ளை, "சர்க்கரை போதுமா?" என்று கேட்டார்.

டிசம்பர் 9, சனி

பேச்சித்தாய் வந்தாள்.

கடையில் நல்ல கூட்டம். கார்த்திகை முடிவதற்குள் நிலை எடுக்கிறவர்கள் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். அவள் ஓரமாக நின்றாள். எல்லோருக்கும் மரம் அளந்து, குங்குமம் வைத்து, குவியலிலிருந்து ஒவ்வொரு கட்டையாகக் கொடுத்துக்கொண்டிருந்தேன். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் கிட்டே வந்தாள். பணம் கேட்பாள், இல்லை மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன். ரெண்டுக்கும் பதில் தயாராக வைத்திருந்தேன்.

"நேத்து ஜெயில்ல போய்ப் பாத்தேன் அண்ணாச்சி. வாற புதங்கிழமைன்னு சொல்லிட்டாவ."

"கேள்விப்பட்டேன் தாயி. எல்லாம் விதி."

"வீட்டைப் பத்தி அவுக கேட்டாக. நிலை சாயுது, செங்கல்லு நிக்கலைன்னேன். அதுக்கு, 'அண்ணாச்சிட்ட நம்ம கொசுறு ஒண்ணு கிடக்கு, போய் வாங்கிட்டு வந்து ஆப்பு வையி'ன்னாக." நிறுத்திவிட்டுக் கையை நீட்டினாள். "குடுங்க அண்ணாச்சி."

 மில்லில் வாள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"அன்னைக்கே குடுத்தாச்சே" என்றேன்.

"சரி. அன்னைக்குக் குடுத்திய. இன்னைக்கும் ஒண்ணு குடுங்க. ஊருக்கெல்லாம் குடுக்கிய. எனக்கு என்ன?"

இதிலே என்ன தப்பு? கொடுத்து அனுப்பிவிட்டால் முடிந்தது. குவியலில் கிடந்ததிலேயே நல்லதாக, கணு இல்லாததாக ஒரு வேங்கைத் துண்டை எடுத்தேன். அவளுக்குத்தான் கொடுக்கப் போனேன். மற்றவர்களுக்கெல்லாம் நினைத்துக்கொண்டே கொடுத்தேன்; இவளைப் பார்த்ததும் நினைப்பு தப்பிவிட்டது. கை தன்னால் திரும்பிக் கட்டையைத் தராசுத் தட்டில் வைத்தது. மறு கை படிக்கல்லை எடுத்துவிட்டது.

தட்டு ஆடியது. எல்லோரும் தட்டையே பார்த்தார்கள்.

பேச்சித்தாய் என் கையையும் படிக்கல்லையும் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். முகத்தில் ஒரு தெளிச்சிதான் வந்தது.

"இதத்தான் அவுக சொன்னாக. போய் நின்னு பாரு, தராசுக்குப் போகாம அந்தக் கை கட்டையை எடுக்காதுன்னாக. எனக்கும் இத்தன நாளா மனசுக்குள்ள ஒரு ஓரமா, பெரிய மனுசரு சொல்லுதாரே, ஒருவேளை வாங்கியிருப்பாகளோ, அடிச்சிருப்பாகளோன்னு ஒரு இது கிடந்துச்சு. அது போயிட்டு அண்ணாச்சி."

கட்டையை எடுத்துக்கொள்ளவில்லை. போய்விட்டாள். நிலைக்கு மரம் எடுத்தவர்கள் ஒவ்வொருத்தராக வண்டியைக் கிளப்பினார்கள். இலஞ்சிக்காரர் மாத்திரம், அவர் ஜன்னலுக்குச் சட்டம் எடுக்க வந்திருந்தார், தான் வாங்கின கொசுறைத் திரும்பக் கொண்டுவந்து குவியலில் வைத்துவிட்டுப் போனார். சத்தம் வராமல் வைத்தார்.

டிசம்பர் 11, திங்கள்

பஸ் ஏறினேன். ஜெயில் வாசல் வரை போனேன். வாசலில் ஒரு வார்டரிடம், "நான்தான் மரக்கடை நயினார்" என்றேன். அவனுக்குத் தெரியவில்லை. பெரிய அதிகாரியைப் பார்க்க வேண்டும் என்றேன். என்ன விஷயம் என்று கேட்டான். ஜெயிலுக்கு மரம் ஏதாவது தேவைப்படுமா என்று கேட்டு வந்தேன் என்றேன். எழுதிக் கேளும் என்றான். சரி என்று திரும்பி வந்துவிட்டேன்.

பகவதியிடம், ஜெயில் சூப்பரிண்டெண்ட் எழுந்து நின்று கை கொடுத்தார் என்று சொன்னேன்.

டிசம்பர் 13, புதன்

ஆயிற்று. விடிகாலை என்று ரேடியோவில் சொன்னார்கள்.

மில்லைத் திறக்கவில்லை. ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

இந்த டைரியில் ஜனவரியிலிருந்து எழுதியதைப் படித்துப் பார்த்தேன். ஜீப்பில் முன் சீட் இல்லை, பின்னால்தான். கொலைச்சிந்து நாலு பிரதி வாங்கவில்லை. ஒன்றுதான், அதையும் பாதி விலைக்குக் கேட்டேன். பஸ்ஸில் யாரும் எழுந்திருக்கவில்லை. அதெல்லாம் பேச்சு. மனிதன் பேசுவான். அதனால் யாருக்கும் ஒன்றும் ஆகாது.

கார்த்திகையில் நடந்தது இது. மாசானம் நிலைக்கு மரத்தை வண்டியில் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தான். தலைத்துண்டை அவிழ்த்து வியர்வையைத் துடைத்தான். "அண்ணாச்சி, நிலைக்கு ஆப்பு வைக்க அந்தத் துண்டு ஒண்ணு குடுங்க. இம்புட்டு மரம் எடுத்திருக்கேன்லா" என்றான். தரையில் கிடந்த துண்டைக் காலால் தொட்டுக் காட்டினான். கொலைக்குப் போன துண்டு அதுதானா என்று எனக்குத் தெரியாது. அந்த மாதிரிதான். "எடை போட்டுத்தான் தருவேன், பிரியம்னா எடு" என்றேன். அவன் கோபப்படவில்லை. "உங்ககிட்ட கேட்டேன் பாருங்க" என்று சிரித்தான். போகிற வழியில் ஒரு செங்கல்லை எடுத்துக்கொள்ளலாம் என்று வண்டிக்காரனிடம் சொல்லிக்கொண்டே போனான்.

மஞ்சளும் இல்லை, குங்குமமும் இல்லை. கிழக்கே பார்க்கவும் நிற்கவில்லை.

அவன் கேட்டான். நான் கொடுக்கவில்லை.